சனிக்கிழமை ஆபீஸில் சாவித்திரி

13 அக்டோபர் 2018, சனி

பேப்பரில் படம் வந்திருக்கிறது. ‘புதிய கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு இலவச சட்ட, கணக்கு ஆலோசனை: தஞ்சைப் பெண் ஆடிட்டரின் சேவை.’ நடுவில் சாவித்திரி. ஓரத்தில் என் முழங்கையும் கொஞ்சம் முந்தானையும். தலைப்பில் சட்டம் இருக்கிறது, வக்கீலான என் பெயர் எங்குமே இல்லை. மருத்துவக் கல்லூரி சாலையில் இந்த மாடி அறையைத் தேடிப் பிடித்தது நான். சனிக்கிழமைதோறும் காசு வாங்காமல் உட்காரலாம் என்று முதலில் சொன்னதும் நான்தான்.

“உன் பேரை ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன் ஹமீதா. விட்டுட்டாங்க” என்றாள்.

அவள் பொய் சொல்ல மாட்டாள். அதனால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

27 அக்டோபர், சனி

நன்னிலத்திலிருந்து வேம்பு என்ற பெண்ணும், அவளோடு இன்ஜினியரிங் படித்த மீரா சாகிப்பும் வந்தார்கள். கம்பெனிக்குப் பெயர் ‘மடை’. குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் குத்தகையைப் பற்றிப் போனில் பேசிப் பதிந்துகொள்ளலாம். வயலின் இடம், பயிரின் படம் எல்லாம் கூடவே ஏறிவிடும். நம் பக்கம் குத்தகை எல்லாமே வாய்வார்த்தைதானே. பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான் கடன், இன்சூரன்ஸ், நிவாரணம். பிள்ளைகள் நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

கூட்டு ஒப்பந்தம் எழுதினேன். “நாளைக்குப் பிரிஞ்சு போனா யாருக்கு என்ன?” என்று கேட்டால் இரண்டு பேருக்கும் முகம் சுருங்குகிறது. அடுத்த மேஜையில் சாவித்திரி ஜிஎஸ்டி சொல்லிக்கொடுக்கிறாள், சிரிப்பு. ஜிஎஸ்டியில் என்ன சிரிப்பு?

கிளம்பும்போது அவளிடம், “வரோம்க்கா.” என்னிடம், “வரோம் மேடம்.”

18 நவம்பர், ஞாயிறு

கஜா புயல் அடித்து ஓய்ந்தும் கரண்ட் வரவில்லை. வலங்கைமான் பக்கம் சம்பா முழுக்கத் தண்ணீரில் படுத்துக் கிடக்கிறதாம்.

8 டிசம்பர், சனி

வலங்கைமான் வீரையன் ‘மடை’யில் தன் குத்தகையைப் பதிந்திருந்தார். அதைக் காட்டி, புயல் நிவாரணத்துக்குத் தன் பெயரை எழுதவைத்துவிட்டார். நிலத்துக்காரர் பதிவை அழிக்கச் சொல்லி கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வீரையன் குத்தகைதாரரே இல்லை, கூலிக்கு வந்த ஆள் என்கிறார்.

பிள்ளைகள் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு ஓடியது சாவித்திரியிடம். வக்கீல் நோட்டீஸை ஆடிட்டரிடம்!

பிறகுதான் என் கைக்கு வந்தது. நிலத்துக்காரர் பெயரைப் பார்த்தேன். தியாகராசன். சாவித்திரியின் கூடப்பிறந்த அண்ணன். அவள் குடியிருப்பதே அவர் வீட்டில்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறெங்கும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். இனி எப்படி அக்கா என்று கூப்பிடுகிறார்கள், பார்ப்போம்.

9 டிசம்பர், ஞாயிறு

வேம்புவுக்குப் போன் செய்தேன். “அந்த நிலம் யாரோடதுன்னு உங்க அக்காகிட்ட கேட்டியாம்மா?” குரலில் அக்கறையைக் குழைத்துத்தான் கேட்டேன்.

“தெரியும் மேடம். வீரையனைச் சேர்த்த அன்னைக்கே அக்கா சொல்லிட்டாங்க. ‘அது எங்க அண்ணன் நிலம், பிரச்சினை வரும், வந்தா ஹமீதாவை விட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டாங்க’ன்னாங்க. அண்ணன் பேரைப் பார்த்துட்டு அவங்ககிட்ட முதல்ல சொல்லாம இருக்க மனசு வரல. தப்பா எடுத்துக்காதீங்க.”

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

ஏன் இப்படிச் செய்தேன்? சாவித்திரி அழவேண்டும் என்றா? அழுதால் எனக்கு என்ன வந்துவிடும்?

5 ஜனவரி 2019, சனி

தியாகராசன் கேஸ் போட்டுவிட்டார். பதிவை நீக்க வேண்டும், வீரையன் வயலில் இறங்கக் கூடாது, தீர்ப்பு வரும்வரைக்கும் இடைக்காலத் தடை. அறுப்பு நெருங்கும் நேரம். தடை கிடைத்துவிட்டால் மிஞ்சிய பயிரும் வீரையனுக்கு இல்லை. ‘மடை’யையும் அப்புறம் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். வீரையன் குத்தகைதாரர் என்று சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை. எல்லோருக்கும் தியாகராசனிடம் பயம்.

சாவித்திரி கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“நான் சொல்றேன்.”

“நீ அந்த வீட்ல இருக்கே சாவித்திரி.”

“போகத்துக்குப் போகம் வீரையன் கொண்டாந்த குத்தகை நெல்லை அளந்து வாங்கினவ நான். கூலிக்காரன்னு சொல்றாங்களே, எப்படிச் சும்மா இருக்குறது?”

நான் நினைத்தது என்ன தெரியுமா? கோர்ட்தான் என் இடம், அங்கேயும் இவளா என்று. சீ.

6 பிப்ரவரி, புதன்

வலங்கைமான் கோர்ட். அவளுடைய பிரமாணப் பத்திரத்தை நான்தான் படித்தேன். நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மேலே படித்தேன். தியாகராசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவித்திரி தலை குனியவில்லை.

இடைக்காலத் தடை இல்லை என்றார் நீதிபதி. கேஸ் நடக்கும். ஆனால் வீரையன் அறுத்துக்கொள்ளலாம்.

தாழ்வாரத்தில் வீரையன் முதலில் அவளைக் கும்பிட்டார், பிறகு என்னை. வாதாடியது நான். இருந்தாலும் அவர் கும்பிட்ட வரிசை சரிதான் என்று தெரிந்தது. தெரிந்தும் வலித்தது.

சாயங்காலம் அவளிடமிருந்து போன். “வீட்ல பூட்டை மாத்திட்டாங்க ஹமீதா. பெட்டி வாசல்ல இருக்கு. உன் வீட்ல இடம் இருக்குமா?”

ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவந்தேன்.

9 பிப்ரவரி, சனி

அம்மா அவளுக்குத்தான் முதலில் மீன் வைக்கிறாள். நடுத்துண்டு.

16 பிப்ரவரி, சனி

வீரையன் மிஞ்சியதை அறுத்து முடித்துவிட்டார் என்று வேம்பு சொன்னாள். ‘மடை’யில் பூதலூர்க்காரர்கள் புதிதாகச் சேர்கிறார்களாம். அவள் என்னை இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள்.

என் வீட்டுக்கு வந்ததிலிருந்து சாவித்திரி சரியாகத் தூங்குவதே இல்லை. விழித்துப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். இன்று ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தவள், அப்படியே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

கும்பகோணத்திலிருந்து ஒருவர் லேப்டாப்பும் கையுமாக வந்தார். “ஆடிட்டர் மேடத்தைப் பார்க்கணும். அவங்களைப் பத்தித்தான் எல்லாரும் சொல்றாங்க. இல்லீங்களா?” குரல் கணீரென்று இருந்தது.

எழுந்து போய் உள்ளறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.

“இருக்காங்க, தூங்குறாங்க. மெதுவா பேசுங்க. நான் வக்கீல். உக்காருங்க, என்ன கம்பெனின்னு சொல்லுங்க” என்றேன்.