கதவைச் சாத்தி வாழ்ந்து பார்த்த மாதம்

நேற்று சாயங்காலம் நம் மகள் தன் போனை என் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து நீட்டினாள். ஒரு பக்கம் ஆக்லாந்து, இன்னொரு பக்கம் கோயமுத்தூர். வீட்டு வாடகை, ஒரு லிட்டர் பால், முட்டை, பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரி, காற்று எவ்வளவு சுத்தம் என்பது வரைக்கும் ஏதோ ஒரு வெப்சைட் இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தது. "பாரும்மா, கோயமுத்தூருக்குத் திரும்பிப் போனா அப்பா சேர்த்து வச்சதுல நீ ராணி மாதிரி இருக்கலாம். இங்கேயே இருக்கறதுன்னாலும் சரிதான். நீயே பார்த்து முடிவு பண்ணு," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு வேலைக்கு நீங்கள் கிட்டத்தட்ட ஒரு மாதம் எடுத்துக்கொண்டு என்னைப் பாடாய்ப் படுத்தினீர்கள். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பிள்ளை பயந்துபோய்ப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாத சமயம். கோயமுத்தூர் கணபதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லைன் வீடுகளில் மூன்றாவது நமது. நீங்கள் பம்பு கம்பெனியின் டூல் ரூமில் பம்பு பாகங்களுக்கு அச்சு செய்துகொண்டிருந்தீர்கள். உங்களோடு வேலை பார்த்த ஒருவர் நியூசிலாந்துக்குப் போய், லீவில் வந்தவர், உங்களுக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. அங்கே சம்பளம் அதிகம், வாடகைக்கே பாதி போய்விடும், ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பீர்கள். "ஏனுங்க, இங்க மட்டும் என்னவாமா? சிறுவாணித் தண்ணியும் கொழாயிலதான வருது?" என்பேன் நான். அங்கே கரண்ட் போகாது என்பீர்கள். அங்கே உங்கள் அம்மாவும் இல்லை, என் அப்பாவும் இல்லை என்பேன். சாப்பிட்ட கை காயும்வரை இப்படியே போகும். இரண்டு பேரில் ஒருவரும் ஜெயித்ததில்லை.

கடைசியில் ஒருநாள் டூல் ரூம் ஆளாகவே பேசினீர்கள். "அம்மணி, ஒரு அச்சு செஞ்சா ட்ரையல் பாக்காம வெளிய அனுப்பறமா? இத மட்டும் எதுக்கு வாயிலயே பேசிட்டிருக்கோணும்? ஒரு மாசம் இங்கயே அந்த ஊர்ல இருக்கற மாதிரி இருந்து பாத்துப்போடலாம். ஒத்து வந்தாப் போலாம். இல்லீன்னா இந்தப் பேச்சையே உட்டுப்போடலாம்." எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், இந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒரு மாதத்தில் நீங்களே அலுத்துப் போவீர்கள் என்ற நம்பிக்கையில் தலையாட்டிவிட்டேன்.

ஒன்றாம் தேதி எழுந்ததும் முதல் வேலையாக வாசல் கதவைச் சாத்தினீர்கள். அங்கே யார் வீட்டுக் கதவும் திறந்து கிடக்காதாம். பால்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாக்கெட் பாலை வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை சமைத்ததை வியாழக்கிழமை வரைக்கும் சுட வைத்துச் சாப்பிட்டோம். கொள்ளுப் பருப்பு புதன்கிழமைக்கு என்ன ருசிக்கு வரும் என்று அந்த லைனிலேயே நமக்கு மட்டும்தான் தெரியும். கறிவேப்பிலை, உறைமோர் என்று எதற்கும் பக்கத்து வீட்டுப் படி ஏறக் கூடாது. முன்னாலேயே போனில் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் கதவைத் திறக்க வேண்டும். "நம்ம லைன்ல ஆருக்குங்க போனு இருக்குது?" என்று கேட்டேன். "அப்படீன்னா ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு அர்த்தம் அம்மணி," என்றீர்கள்.

பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தால் நம் லைனில் அதற்கு இரண்டே அர்த்தம். உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லை, இல்லையென்றால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்கா முதல் நாள் ஜன்னல் பக்கம் வந்து நின்று, "ஏனுங் அம்மணி, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் அவர் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் எல்லாரும் நம் வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சண்டைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். செய்தி எந்தப் பஸ்ஸில் ஏறிப் போனதோ, அந்த வாரமே கிணத்துக்கடவிலிருந்து என் அப்பா ஒரு சாக்குத் தேங்காயோடு வந்து நின்றார்.

அவர் கதவைத் தட்டினார். மகள் வீட்டுக் கதவைத் தட்டி நின்றது அவருக்கு அதுதான் முதல் தடவை. நீங்கள் திறந்தீர்கள். அவர் உள்ளே வராமல், தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளெ, என்ற புள்ள எதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். உங்கள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் பாவமும் சேர்ந்தே வருகிறது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா, இது ட்ரையலுங்க," என்று ஆரம்பித்து, நியூசிலாந்து, பாக்கெட் பால், ஞாயிற்றுக்கிழமை சமையல் என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டீர்கள். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நாம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த விஷயம் அப்படித்தான் அவர் காதில் விழுந்தது.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பாக்கெட் பாலில் நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தார். குடித்துக்கொண்டே சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "அங்க போனாலும் இப்பிடித்தான் இருப்பீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க மாமா," என்றீர்கள். "அப்ப நீங்க ரெண்டு பேரும் பேச்ச மட்டும் நிறுத்திப்போடாதீங்க. வேற ஆரு இருக்கறா பேசறதுக்கு," என்றார். அவ்வளவுதான். சாயங்காலமே கிளம்பிவிட்டார். நான் உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். வழியெல்லாம் தேங்காய் விலை, பக்கத்துத் தோட்டத்தில் போட்ட போர்வெல் என்று எதையெதையோ பேசினார். நாம் போகப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் நமக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. வம்பளக்க ஆள் இல்லை, டிவி பார்க்க வருகிற பிள்ளைகள் இல்லை. நீங்கள் ஐ.டி.ஐ. படித்தபோது ஈரோட்டில் ரயிலைத் தவறவிட்டு ஸ்டேஷனிலேயே தூங்கிய கதையை அப்போதுதான் கேட்டேன். எனக்குப் படிக்க ஆசை இருந்தது என்பதும் அப்போதுதான் உங்களுக்குத் தெரிந்தது. "இத்தன நாளா ஏன் சொல்லுல?" என்றீர்கள். நீங்கள் கேட்கவே இல்லையே என்றேன். கல்யாணம் என்று ஒன்று நமக்கு அந்த மாதம்தான் நடந்தது என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அடித்துப் போட்ட மாதிரி கிடந்தேன். "ட்ரையலு போதும், நான் போய்ப் பாப்பாத்தி அக்காளக் கூப்புட்டுட்டு வாரேன்," என்று எழுந்தீர்கள். நான்தான் வீம்புக்கு விடவில்லை. "அந்த ஊர்ல பாப்பாத்தி அக்கா இருப்பாங்களாங்க? அப்பறம் என்ன, நீங்களே பாருங்க," என்றேன். நீங்கள் திண்டாடிப்போய் நியூசிலாந்துப் பேச்சையே விட்டுவிடுவீர்கள் என்பது என் எண்ணம். நீங்கள் விடவில்லை. கம்பெனிக்கு லீவு சொன்னீர்கள். கஞ்சியைத் தீய விட்டு, மறுபடி வைத்தீர்கள். லைனே பார்த்துச் சிரிக்கும் என்று யோசிக்காமல் என் சேலையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டீர்கள். தலை பிடித்துவிடத் தெரியாமல், அச்சுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி தேய்த்தீர்கள். வலி அதிகமானதுதான் மிச்சம். ஆனாலும் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

காய்ச்சல் விட்ட அன்று காலையில் நான்தான் வாய் திறந்து, "போலாமுங்க," என்றேன். நீங்கள் நம்பவில்லை. "பாலு புடிக்கல, கொழம்பு புடிக்கல, கதவச் சாத்துனா மூச்சு முட்டுதுங்கற. அப்பறம் எப்பிடி அம்மணி?" என்று கேட்டீர்கள். "அதெல்லாம் இன்னமும் புடிக்கலீங்க. நீங்க இருந்தாப் போதுமுங்க," என்றேன். நாம் அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்தது அது ஒன்றைத்தான். சம்பளத்தையும் வாடகையையும் பார்த்து நான் விமானம் ஏறவில்லை. மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. நீங்கள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் பாதி லைன் நம் வீட்டுக்குள் இருந்தது.

வந்து சேர்ந்த இந்த ஆக்லாந்து நாம் நினைத்ததைவிடக் கடினமாகத்தான் இருந்தது. முதல் வருடம் முழுக்க நீங்கள் பேக்கரியில் ரொட்டி அடுக்கினீர்கள். குளிரை நாம் பழகிப் பார்த்திருக்கவே இல்லை. கோயமுத்தூரில் அதற்கு எங்கே போவது. ஒரு கட்டு கொத்தமல்லியை எடுத்தால்கூட ரூபாயில் என்ன விலை என்று பெருக்கிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவேன். "ஊட்டப் பெருக்கறதுக்கு நேரமில்ல, டாலரப் பெருக்கறதுக்கு மட்டும் நேரமிருக்குது உனக்கு," என்று நக்கலடிப்பீர்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த வேலையே கிடைத்தது. மகள் பிறந்தாள். என் அப்பா போனபோது என்னால் போய் முகம் பார்க்க முடியவில்லை. அன்று முழுக்க நீங்கள் வேலைக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அவர் சொன்னதை நாம் மீறவே இல்லை. நம் வீட்டில் பேச்சு ஓய்ந்ததே இல்லை.

நீங்கள் போய் இது இரண்டாவது குளிர்காலம். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். எப்போது வரலாம் என்று போனில் கேட்டுவிட்டு, பூக்களோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்கள். அந்த நிமிஷம் உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். உங்களுக்கு ஒன்று ஆனால் நான் என்ன ஆவேன் என்று பார்க்கவே இல்லை. ஒரு சின்ன அச்சைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுஷன், இதை எப்படி விட்டீர்கள்? நீங்கள் போதும் என்றுதானே வந்தேன்.

இன்று காலையில் மகள் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைக் கொண்டுவரவில்லை. "அம்மா, அப்பா செஞ்ச மாதிரியே ஒரு மாசம் அங்க போய் இருந்து பாரு. பிடிச்சா இரு, இல்லன்னா இங்கயே வந்துடு," என்றாள். அந்த லைன் இப்போது அங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். இடித்து அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். பாப்பாத்தி அக்கா மகன் வீட்டோடு வெள்ளகோவிலுக்குப் போய்விட்டாராம். அந்த அடுக்குமாடியில் எல்லாக் கதவும் சாத்தித்தான் இருக்கிறதாம்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்தேன். அங்கே போனால் எப்படி இருக்கும், இங்கேயே இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குப் பாலுக்கும் தண்ணீருக்கும் நாம் போட்ட சண்டை கொஞ்சமா? எந்த ஊரில் இருக்கப் போகிறோம் என்பது அன்று நமக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. இன்றைக்கு எதைப் பிடித்துக்கொண்டு நான் சண்டை போடுவது, யாரோடு போடுவது? "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு. நீ எதுங்கறயோ அது," என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை என்று அவளுக்குச் சந்தோஷம். எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான் என்று சொல்கிறவளாக என்னை ஆக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.