குடும்பப் பாஸில் ஒரு பேர்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீங்களும் மகள் சிட்டுவும் வீட்டில் எல்லாரும் சுகமா இருக்கணும். போனில் பேசினால் சொல்ல வந்ததைப் பாதியிலேயே விட்டுவிடுகிறேன். சிட்டுகிட்ட குடுங்க என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். அதனால்தான் கடிதம். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. எழுத்து கோணல்மாணலாத்தான் இருக்கும், பொறுத்துக்கிட்டுப் படியுங்க.

விஷயம் இதுதான். எங்க மிருகக்காட்சி சாலையில் வேலை செய்கிறவர்கள் வருஷத்தில் ஒரு நாள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரலாம். இந்த வருஷம் அடுத்த மாசம் மூணாவது ஞாயிறு. சிட்டுவுக்கு அப்போ லீவுதானே. எல்லாரும் வரணும். சனிக்கிழமையே வந்து என் வீட்டில் தங்கிடுங்க. ஒரு அறைதான், ஆனாலும் கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டுப் பார்த்தேன், கீழே தாராளமா படுக்கலாம். சிட்டுவுக்குத் தொப்பி எடுத்துக்குங்க, பறவைக் கூண்டுப் பக்கம் நிழலே கிடையாது. காலையில் எட்டரைக்கே பின் கேட் வழியா போயிட்டா, மிருகங்களுக்குச் சாப்பாடு தயார் பண்ணுகிற எங்க சமையல்கட்டை அவளுக்குக் காட்டலாம். பெரியம்மா, நீ புலிக்கு ஊட்டி விடுவியா என்று கேட்கிறாள். நான் காய் பழம் வெட்டுறவ, புலி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காதுன்னு சொன்னேன். அப்ப நீ குரங்குக்குத்தான் பெரியம்மாவா என்கிறாள். வாய் அப்படியே அவளைப் பெத்த என் தங்கச்சி வாய்.

தங்கச்சி போய் ரெண்டு வருஷம் முடியப்போகுது. கடைசியில் எதையும் விழுங்க முடியாமல் கிடந்தாளே, பழத்தைப் பொடிப்பொடியா நறுக்கித்தானே கொடுத்தோம். எல்லாம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், நீர்யானைக்குப் பூசணிக்காய் வெட்டச் சொன்னார்கள். நாலாப் பிளந்து போட்டால் போதும். எனக்கு நினைப்பே இல்லை, பதினைஞ்சு கிலோவையும் அதே மாதிரி பொடியா நறுக்கி வச்சிருக்கேன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, என்னம்மா, நீர்யானைக்குப் பல்லு கொட்டிப்போச்சா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிச்சேன், சிரிச்சுக்கிட்டே அழுதுட்டேன். அப்புறம் மேஸ்திரிதான் வாளியைக் குரங்குகளுக்கு அனுப்பிவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இப்போ ஒழுங்கா நாலாத்தான் வெட்டுறேன், கவலைப்படாதீங்க.

தம்பி, உங்க ரெண்டாவது கல்யாணத்துக்கு நான் வரலை. இடுப்பு வலின்னு சொன்னது பொய். தங்கச்சி நின்ன இடத்தில் இன்னொருத்தி நிற்கிறதைப் பார்க்க மனசு வரலை. அதுக்கப்புறம் நீங்களும் இந்தப் பக்கம் வரலை. உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா பிள்ளை கண்ணுல படாமலே வளர்ந்து, பெரியம்மான்னா போன்ல பேசுற யாரோ ஒருத்தின்னு ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

போன வாரம் சிட்டு போனில், இப்பல்லாம் தலைக்குச் சிக்கெடுத்தா வலிக்கிறதே இல்லை, அம்மா தண்ணி தடவி நுனியிலேருந்து எடுக்கிறாங்க என்றாள். அம்மா என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. வேலையில் கேரட் சீவிக்கொண்டே அதையே நினைச்சேன். நானும் தங்கச்சியும் அவசரத்தில் உச்சியிலேருந்து இழுப்போம், பிள்ளை கத்தும். பொறுமையா நுனியிலேருந்து எடுக்கிற கை நல்ல கைதான்.

நேத்து அந்த ஞாயிறுக்குக் குடும்பப் பாஸ் எழுத ஆபீசுக்குப் போனேன். கிளார்க்கு நீங்கல்லாம் கடைசியா வந்த வருஷத்துத் தாளைப் பார்த்தே கடகடவென்று எழுதிவிட்டார். தங்கை, தங்கை கணவர், தங்கை மகள். தங்கச்சி பேரைப் பார்த்ததும் எனக்குக் கையெழுத்துப் போடக் கை வரலை. விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய், அந்த வரியையே அடிச்சிடுறேன்க்கா என்று பேனாவை எடுத்தார். இருங்க சார், இன்னொருத்தர் வர்றாங்கன்னேன். அவங்க உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார். நான் தாளில் தங்கை என்று எழுதியிருந்ததையே பார்த்துக்கிட்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்ன தோட்டக்காரர், சீக்கிரம் சொல்லும்மா, அதுக்குள்ள முதலைக்கே நரைச்சிடும் என்றார்.

பேரை மட்டும் அடிங்க, முறையை அடிக்க வேண்டாம் என்று சொல்லிட்டேன்.

இப்போ தங்கை என்கிற இடத்துக்கு நேரே காலியா இருக்கு. உங்க கல்யாணப் பத்திரிகையை நான் பிரிச்சே பார்க்கலை, அதனால் புதுசா வந்தவ பேர் எனக்குத் தெரியாது. சிட்டுகிட்ட கேட்கவும் வெட்கமா இருந்தது. மாசக் கடைசிக்குள் தாளைக் கொடுக்கணும். கோபம் இல்லைன்னா, ஒரு துண்டுக் காகிதத்தில் அவ பேரை அவளையே எழுதச் சொல்லி அனுப்புங்க. நான் அதைப் பார்த்து எழுதிக்கிறேன்.

மூணு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உங்க மூணு பேருக்கும் வேண்டிய அக்கா