தானாக விழுந்த தொப்பி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் மகளும் மாப்பிள்ளையும், மாதம் நிறையுமுன்னே பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் நம் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்துகள் ஆட்டு மந்தை மாதிரி ஒன்று மேட்டில் ஏறுகிறது, ஒன்று பள்ளத்தில் இறங்குகிறது. உளி பிடித்த கை பேனாவையும் உளியாகவே அழுத்துகிறது. யாரிடமோ சொல்லி எழுதி வாங்கினேன் என்று நினைக்காதே. நானேதான்! பிரசவம் வரை மகள் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொன்னார்கள், நீ அவள் ஊருக்கு ஓடினாய். அடுத்த வாரமே நூலகத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்பில் சேர்ந்துவிட்டேன். போனில் மூச்சுவிடவில்லை. இந்த உறையைப் பிரிக்கும்போது உன் முகம் போகிற போக்கை நினைத்து நினைத்து இங்கே தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசித்துப் பழக டீச்சர் ஒரு தாள் கொடுத்தார். மண்ணே இல்லாமல், வீட்டுக்குள் தண்ணீரில் பைன் கன்று வளர்ப்பது எப்படி என்று அதில் இருந்தது. மற்றவர்கள் வாசித்தார்கள், மடித்து வைத்தார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. காலமெல்லாம் பைன் பலகையில் சாமான் பெட்டி அடித்தவன், அந்த மரத்தை உயிரோடு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே.

மாப்பிள்ளை அலங்காரத்துக்கு என்று அலமாரியில் வைத்துவிட்டுப் போன பைன் காயை வெயிலில் வைத்தேன். செதில் விரிந்தது. தட்டினால் இறக்கை வைத்த விதைகள்! ஊறப் போட்டு, மிதந்ததைத் தள்ளி, மூழ்கியதை ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன். குளிர்காலம் வந்து போய்விட்டது என்று விதையை ஏமாற்ற வேண்டுமாம். மாடி வீட்டுத் தையற்காரர் ஐஸ் எடுக்க வந்தவர், அண்ணி இல்லாத நேரத்தில் துணிக்குச் சளி பிடிக்க வைக்கிறீர்களா அண்ணே என்று கேட்டார்.

உன் சர்க்கரை ஜாடிகள் மூன்றை எடுத்துக்கொண்டேன். திட்டாதே. தண்ணீரில் பாசி பிடிக்காமல் இருக்கக் கறுப்புத் தாள் சுற்றினேன். ஜாடி வாயில் பஞ்சு, பஞ்சில் விதை, பக்கத்தில் விளக்கு. தண்ணீருக்குக் காற்று ஊத மீன்தொட்டி மோட்டார் ஒன்று. வீட்டில் நீ முணுமுணுக்காத குறையை அதுதான் தீர்த்து வைக்கிறது.

மூன்றும் முளைத்தன. கூன் போட்டு வந்து, நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் விதையின் ஓடு தொப்பி மாதிரி. பாவம், குழந்தைக்குப் புழுங்குமே என்று முதல் கன்றின் தொப்பியைக் கழற்றினேன். தலையும் கூடவே வந்துவிட்டது. இரண்டாவதை வெந்நீர் தொட்டு மெதுவாக எடுத்தேன். அதுவும் போயிற்று.

வகுப்பில் போய்ச் சொன்னேன். டீச்சர் என் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறது! தாளுக்குப் பின்பக்கம் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? இனி நானும் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நீயாவது திருப்பிப் பார்.

அதில் இருந்தது இதுதான். தொப்பியைத் தொட வேண்டாம். அது இருக்கும்வரை கன்றுக்கு வேண்டிய சாப்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. உரத் தண்ணீரும் வேண்டாம். வெளிச்சத்தில் வைத்துக் காத்திருக்கவும்.

நான் மூன்றாவது ஜாடியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் நீ அழுதாயே, இத்தனை பிள்ளைகளைக் குளிப்பாட்டின கை, இவளை ஒரு தடவை தூக்க முடியவில்லையே, நர்சம்மா தொடவே விடவில்லையே என்று. போனை வைத்துவிட்டு மறுபடி ஜாடி பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

இன்று காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு வந்து பார்த்தால், தொப்பி பஞ்சின் மேல் கிடக்கிறது. கன்று பச்சை விரல்களை விரித்துக்கொண்டு நிற்கிறது. நான் பார்க்காதபோதுதான் அதற்கு நேரம் வந்திருக்கிறது. தையற்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தப் புல்லுக்கா இத்தனை கூத்து என்றார். அவர் கிடக்கிறார்.

பேத்தி வீட்டுக்கு வரட்டும், பிறகு பெயர் வைக்கலாம் என்று மகள் தள்ளிப் போடுகிறாள் என்றாய். ஏன் தள்ளிப் போடுகிறாள் என்று எனக்கும் தெரியும். நான் கேட்டுக்கொண்டதாக அவளிடம் சொல், காத்திருக்க வேண்டாம். இப்போதே வைக்கச் சொல். பெட்டியின் பக்கத்தில் நின்று நீ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. கூப்பிடுவதற்குத் தொட வேண்டியதில்லை.

அடுத்த வாரக் கடிதம் உனக்கு இல்லை, பேத்திக்குத்தான். உறை வாங்கி, விலாசமும் எழுதி வைத்துவிட்டேன். மேல் வரி மட்டும் காலியாக இருக்கிறது.

எல்லாரையும் இங்கிருந்தே ஆசீர்வதிக்கும்,
உன் வீட்டுக்காரன்