ரொட்டிக் கடைக்கும் வரிச் சலுகை கேட்ட உங்கத்தா

லெப்பைக்குடிக்காடு
ஆகஸ்ட் 2007

கண்ணு மகன் அல்தாபுக்கு அம்மா ஜைனம்பு எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில இங்க எல்லாரும் உண்டு உறங்கி நல்லா இருக்கோம், அதேபோல ஷார்ஜாவுல நீயும் உன் ரூம் புள்ளைங்களும் காய்ச்சல் தலைவலி இல்லாம இருக்கணும்னு அஞ்சு வேளையும் துவா செய்யிறேன். உன் தங்கச்சி இர்பானாவுக்கு ஏழாம் மாசம், கால் லேசா வீங்கியிருக்கு, டாக்டரம்மா பயப்பட வேண்டாம்னாங்க. உன்னப் பெத்த உங்கத்தா ரொம்ப நல்லா இருக்காரு, அவரால நாங்கதான் நல்லா இல்ல. அந்தக் கதையப் போன்ல சொன்னா பக்கத்துல நின்னு நடுநடுவுல திருத்துவாரு, அதான் கடுதாசி.

பெரம்பலூர் பக்கத்துல வடக்கத்திக் கண்ணாடிக் கம்பெனி வருதாமே, அதுல வேலை கெடச்சா ஊரோட வந்துடுறேன்னு எழுதியிருந்தியே, அதப் படிச்சதுலேருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல. ரெண்டாயிரம் பேருக்கு வேலை தர்றேன்னு சொன்னதுக்காக அந்தக் கம்பெனிக்குப் பத்து வருசம் வரி கிடையாதாம், கரண்டும் சலுகை விலையாம். எம்புள்ள வூட்டுக்கு வந்தா சரி, இருவது வருசம் வேணும்னாலும் குடுக்கட்டும்னு இருந்தேன். ஆனா பேப்பர்ல அந்தச் சேதி வந்த அன்னைக்கே நம்ம ரொட்டிக் கடைக்குப் பின்னாடி போட்ட தகரக் கொட்டகைக்கு வரி ஏத்திச் சீட்டு வந்துடுச்சு, உங்கத்தாவுக்கு நெஞ்சு எரிஞ்சு போச்சு. மலையாட்டம் கம்பெனி கட்டுறவனுக்கு மாலை, மழைக்கு நாலு தகரம் போட்டவனுக்குச் சீட்டான்னு கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் பேச்சு, பன்னு வாங்க வந்தவங்க வூட்டுல ஊத்தி வச்ச டீ ஆறிப்போகுதுன்னு ஓடுறாங்க. பஞ்சர் கடை ராசாங்கம் சும்மா இருக்காம, பாய், சலுகை குடுக்கலன்னா கம்பெனிக்காரன் வேற ஸ்டேட்டுக்குப் போயிடுவான், நீங்க எங்க போவீங்க, மிஞ்சிப் போனா ஆத்தத் தாண்டி திட்டக்குடிக்குன்னு சிரிச்சுட்டாரு. உங்கத்தா அதையே புடிச்சுக்கிட்டாரு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போயி, இப்ப ரெண்டு பேருக்கு வேலை தர்றேன், வரிய விட்டுக்குடுத்தா பத்துப் பேருக்குத் தருவேன், இல்லாட்டி கடையத் தூக்கிக்கிட்டு திட்டக்குடிக்குப் போயிடுவேன்னு மனு குடுத்துட்டு வந்துட்டாரு தம்பி!

அத யாரும் சீந்த மாட்டாங்கன்னு இருந்தேன். ஒரு ஆபீசர் கடையப் பாக்க வர்றாருன்னு சேதி வந்துடுச்சு. அவ்வளவுதான், கடைய இப்பவே பெரிய கம்பெனியாட்டம் காட்டணும்னு உங்கத்தா இலியாஸ் மாமாவ, நம்ம மாப்பிள்ளைய, ராசாங்கத்த, அவரு பொண்டாட்டி பொன்னாயிய, தெருவுல சும்மா போனவங்களன்னு எல்லாரையும் மாவு பூசி நிக்க வச்சுட்டாரு. எனக்குத் தலையில பிளாஸ்டிக் பைய மாட்டி, நீ பேக்கிங் சூப்பர்வைசர், கேட்டா அப்படியே சொல்லுன்னாரு. உன் இலியாஸ் மாமா துணி தொவைக்கிற மாதிரி மாவ அடிக்கிறான், பிசையிற மெஷினு வெறுமனே சுத்துது. வந்த ஆபீசர் பேரு பாலசுந்தரம், சின்ன வயசு, மரியாதையான புள்ள. மெஷினு கரண்டுல ஓடுதுங்களா, எத்தனை பேர் வேலை பாக்குறாங்கன்னு கேட்டாரு. உங்கத்தா நெஞ்ச நிமித்தி பன்னெண்டு பேருன்னாரு. அந்தப் புள்ள மெதுவா, பாய், கரண்டு மெஷினு வச்சுப் பத்துப் பேர் வேலை பாத்தா சட்டப்படி இது ஃபேக்டரி, லைசென்சு எடுக்கணும், வருசா வருசம் இன்ஸ்பெக்டர் வருவாரு, ஆம்பளைக்குப் பொம்பளைக்குத் தனித்தனியா கக்கூஸ் கட்டணும்னு சொல்லிக்கிட்டே போனாரு. உங்கத்தா மொகம் அவிச்ச முட்டையாட்டம் வெளுத்துப் போச்சு. சார் இவங்கல்லாம் வேலையாளுங்க இல்ல, மக மாசமா இருக்கா, விருந்துக்கு வந்தவங்கன்னுட்டாரு. விருந்தாளிங்க ஏங்க மாவுல நிக்கிறாங்கன்னாரு ஆபீசர். கையக் கழுவப் போறாங்க சார்னாரு உங்கத்தா. அப்புறம் என்ன, விருந்துன்னு சொன்ன வாய்க்காக என் முட்டைக் கோழி ரெண்டையும் அறுத்து எல்லாருக்கும் பிரியாணி ஆக்கிப் போட்டேன், ஆபீசரையும் உட்கார வச்சோம்.

சோறு வைக்கும்போது நான்தான் கேட்டேன், தம்பி அந்தக் கண்ணாடிக் கம்பெனியில எங்க ஊர்ப் புள்ளைங்களுக்கு வேலை போட்டுத் தருவாங்களா, எம்மவன் ஷார்ஜாவுல இருக்கான்னு. அவரு சாப்பிடுறத நிறுத்திட்டு, எத்தனை பேருன்னு ஒப்பந்தத்துல இருக்கும்மா, எந்த ஊருப் புள்ளைங்கன்னு இல்ல, அவங்க வேலை தெரிஞ்ச ஆளுங்கள வடக்கேருந்தே கூட்டிக்கிட்டு வரலாம், தடுக்க முடியாதுன்னாரு. அதுவரைக்கும் வாய் ஓயாத உங்கத்தா என் கையில இருந்த கரண்டிய வாங்கி அவரே பரிமாற ஆரம்பிச்சாரு.

ஆபீசர் போனதும், நீ சொல்லு, நான் மனு எழுதுறேன்னு உங்கத்தாவே பேனாவ எடுத்துக்கிட்டு வந்தாரு. சலுகை குடுங்க, நாங்க வேணாங்கல, ஆனா அது நாங்க எல்லாரும் கட்டுற வரியிலேருந்து விட்டுக்குடுக்குறது, அதனால பாதி வேலை இந்த மாவட்டத்துப் புள்ளைங்களுக்குன்னு எழுதி வாங்குங்க, சொன்னபடி செய்யலன்னா விட்ட வரியெல்லாம் திருப்பி வாங்குங்கன்னு சொன்னேன். நம்ம தெருவுல மகன அரபு நாட்டுக்கு அனுப்பின அம்மாமாருங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், ராசாங்கமும் போட்டாரு. டவுன் பஸ்ஸ நெறைச்சு பெரம்பலூர் போயி கலெக்டர் ஆபீசுல நாங்களே குடுத்தோம். மேல அனுப்புறோம்னாங்க. திரும்பி வந்ததும் உங்கத்தா நேரா பேரூராட்சி ஆபீசுக்குப் போயி தகரக் கொட்டகை வரியக் கட்டிட்டாரு. ஏங்கன்னேன். நம்ம வரியக் கட்டினாத்தானே அடுத்தவன் வரியக் கேக்கலாம்னாரு. திட்டிக்கிட்டேதான் கட்டினாரு, அத விடு.

வெயில்ல நெறைய தண்ணி குடி, ராத்திரியில வெறும் குப்பூஸ் ரொட்டியத் தின்னுட்டுப் படுக்காத. உன் மாமியா வூட்டுக்கு ஒரு போன் போடு. மனுவுக்கு இன்னும் பதில் வரல. கம்பெனிக்கு வாங்கின எடத்துல இப்போதைக்கு போர்டு மட்டும்தான் நட்டிருக்காங்க. அதனால ஊருக்குப் போறேன்னு மொதலாளிகிட்ட வாய விட்டுடாதே ராசா, இந்தத் தடவையும் விசாவப் புதுப்பிச்சுக்க. இத எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கடைசி வரைக்கும் கை வரல.

அல்லாஹ் உன் உடம்புக்கும் உழைப்புக்கும் காவலா இருக்கட்டும்.

துவாவோட உன் அம்மா,
மீ. ஜைனம்பு