மூன்றாம் மேசையில் ஏழு முறை அழுத்தப்பட்ட பொத்தான்

அனுப்புநர்:
சர்வர் பராமரிப்புப் பொறியாளர்,
ஆம்புலன்ஸ் அழைப்பு மையம், இரண்டாம் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அவசர ஆம்புலன்ஸ் சேவை.

பொருள்: தச்சர் ஒருவருக்கு ஆம்புலன்ஸ் செல்லாதது – மூன்றாம் மேசை ஊழியரின் பணிநீக்கத்தை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாளை, திங்களன்று தாங்கள் கையெழுத்திடவிருக்கும் உத்தரவு, ஒரு தவறும் செய்யாதவர் தலையில் விழப்போகிறது.

2. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி பிற்பகல் ஒன்றரை மணிக்கு, பேச்சு குழறி விழுந்த தச்சர் ஒருவருக்காக அவர் மகள் அழைத்தார். எடுத்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்றழைக்கும் மூன்றாம் மேசை ஊழியர். ஆம்புலன்ஸ் புறப்படவே இல்லை. இருபத்தாறு நிமிடம் காத்திருந்து, பக்கத்து வீட்டார் சரக்கு வண்டியில் ஏற்றிச் சென்றனர். உயிர் தப்பியது. அந்தத் தச்சரின் வலது கை இன்னும் அசையவில்லை.

3. விசாரணையில் அக்கா, "ஆம்புலன்ஸ் அனுப்புற பொத்தான ஏழு தடவ அழுத்தினேன் சார், சத்தியமா. திரையில சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு" என்று அழுதார். சர்வர் பதிவில் ஒன்றுகூட இல்லை. தொழில்நுட்பச் சாட்சியாக அமர்ந்திருந்த நான், அன்றைய சராசரி பதில் நேரம் எண்பது மில்லிசெகண்ட் என்று வரைபடம் காட்டி, "சர்வர்ல ஒரு குறையும் இல்லைங்க" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

4. எங்கள் ஜாவா சர்வருக்குள் இருநூறு திரெட்டுகள் உண்டு. இருநூறு எழுத்தர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தியதும் வரும் கோரிக்கையை ஒருவர் எடுத்து, வேலையை முடித்த பிறகுதான் பதிவேட்டில் எழுதுவார். முடியாமல் சிக்கிய கோரிக்கை பதிவிலும் வராது, சராசரியிலும் வராது. பத்து வருடமாக இதே வேலையில் இருக்கும் எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்று புத்தியில் உறைக்கவில்லை.

5. முந்தைய கண்காணிப்பாளர், ஒவ்வொரு அழைப்புக்கும் காகிதச் சீட்டு கோப்பில் இருக்க வேண்டும் என்றார். மேற்பார்வை அறையில் மேசைக்கு ஒன்றாகப் பத்து பிரிண்டர்கள் வந்து இறங்கின. சீட்டு விடுபட்டால் வசவு விழும் என்று பயந்து, சீட்டு அச்சான பிறகே ஓட்டுநருக்குத் தகவல் போகும்படி புரோகிராம் எழுதப்பட்டது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பு வைக்கப்படவில்லை. ஒன்பதாம் தேதி மூன்றாம் பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது. அடக் கடவுளே, வெறும் தாள்!

6. இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று தாங்கள் கேட்கலாம். ஷிப்ட் மாறும் இரண்டு மணிக்குப் பிரிண்டர்களில் தாள் போடுவதற்கு முன் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது எங்கள் வழக்கம். "குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுக்கொள்வோம். குளிப்பாட்டினால் சிக்கிய திரெட்டுகள் எல்லாம் அழிந்து, சர்வர் பளிச்சென்று ஆகிவிடும். தடயத்தைத் தினமும் நாங்களே கழுவி ஊற்றியிருக்கிறோம்.

சென்ற வெள்ளியன்று அதே மேசை மீண்டும் நின்றது. அக்காவின் இடத்தில் இருந்தவரிடம் ஓட்டுநரின் எண் தற்செயலாக இருந்ததால், சொந்தக் கைபேசியில் அழைத்துச் சமாளித்தார். குளிப்பாட்டும் முன், எந்தத் திரெட் புரோகிராமின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியலை எடுத்தேன். ஐந்து திரெட்டுகள் நின்றிருந்தன. ஐந்தும் பிரிண்டருக்காகக் காத்திருக்கும் ஒரே வரியில்.

7. சர்வருக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இயந்திரத்துக்குத் தனிப் பதிவேடு உண்டு. அதை யாரும் புரட்டுவதில்லை. ஒன்பதாம் தேதிக்கு உரியதைத் திறந்தேன். மூன்றாம் மேசையிலிருந்து 1.31 முதல் 1.52 வரை வந்த கோரிக்கைகள் ஏழு. இரண்டு முறை எண்ணினேன் ஐயா, ஏழுதான். பட்டியலையும் பதிவேட்டையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

8. சீட்டுக்காகக் காத்திருக்கும் அந்த வரியை நேற்றே நீக்கிவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதற்கான நடவடிக்கையையும் ஏற்கிறேன்.

9. அந்த வரியை எழுதியவர் யார் என்று விசாரணைக் குழு தேடி அலைய வேண்டாம். எழுதியவர் பெயர் புரோகிராமிலேயே பதிவாகியிருக்கிறது. நான்தான் எழுதினேன். உத்தரவு ஏற்கெனவே தட்டச்சாகித் தங்கள் மேசைக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் அக்காவின் பெயரை அடித்துவிட்டு, என் பெயரை எழுதிக் கையெழுத்திடுமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சர்வர் அறை
நாள்: திங்களுக்கு முந்தைய நாள்

தங்கள் முன் தலைகுனிந்து,
(கையொப்பம்)
சர்வர் பராமரிப்புப் பொறியாளர்