ரொம்ப நாளாச்சே பார்த்து

தம்பிக்கு,

நான் நலம், நீ நலமா என்றெல்லாம் எழுதப் போவதில்லை. நான் நலமாக இல்லை. நீ நலமாக இருப்பதைத்தான் வாரா வாரம் போனில் பார்க்கிறேனே.

உன் செய்தி வந்தது. உங்கள் அலுவலகத்தில் மறதி நோய் விழிப்புணர்வு நாள் நடத்துகிறார்களாம். பதினேழாம் தேதி நீ மேடையேறிப் பேசப் போகிறாயாம். அப்பாவின் நல்ல போட்டோ ஒன்றும், மனதைத் தொடுகிற மாதிரி இரண்டு பத்தியும் வேண்டுமாம். படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக, "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், நீதான்க்கா ஊதிப் பெருசாக்குற" என்று என் வாயை அடைத்தவன் நீ. டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்றுகூட, "என்கிட்ட நல்லாத்தானே பேசுறாரு" என்றாய். இப்போது மைக் கிடைத்ததும் உனக்கு விழிப்பு வந்துவிட்டது.

நல்லாத்தான் பேசுகிறார். எப்படி என்று சொல்கிறேன், கேள்.

நாற்பது வருஷம் சலூன் நடத்தியவர். நாற்காலியில் வந்து உட்காருபவர் யாரென்று பிடிபடாவிட்டால், அவரிடம் மூன்று கேள்விகள் தயாராக இருக்கும். "ரொம்ப நாளாச்சே பார்த்து? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? வேலையெல்லாம் எப்படிப் போகுது?" வந்தவர் தன் தெரு, தன் உத்தியோகம், பெண்டாட்டியோடு போட்ட சண்டை என்று எல்லாவற்றையும் தானே கொட்டிவிடுவார். தன்னை அப்பா மறந்துபோனது அவருக்குக் கடைசிவரை தெரியாது. பள்ளிவிட்டு வந்து சலூன் பெஞ்சில் உட்கார்ந்து, எத்தனையாவது கேள்வியில் ஆளைக் கண்டுபிடிக்கிறார் என்று நீயும் நானும் விரல்விட்டு எண்ணிச் சிரித்ததெல்லாம் உனக்கு மறந்துவிட்டதா? அவருக்காவது நோய். உனக்கு என்ன கேடு?

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் அவர் கேட்பது அந்த மூன்றைத்தான். போன மாதம், "என்னப் பார்த்ததும் ரொம்ப நாளாச்சேன்னு கேட்டாருக்கா, அப்பாவுக்கு எவ்வளவு ஏக்கம் பாரு" என்று கண் கலங்கினாய். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் அதே ஏக்கத்தோடுதான் கேட்டார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணிடம் தினமும் கேட்கிறார். அவள் பதிலே சொல்வதில்லை என்று அவருக்கு வருத்தம். நீ போனை வைத்த பிறகு, "யாரும்மா அது? நல்ல மனுஷன்தான், கொஞ்சம் வளவளன்னு பேசுறாரு" என்றார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தேன். இனி எதற்கு அடக்க வேண்டும்?

போன செவ்வாய்க்கிழமை பால்கனியில் துணி எடுக்கப் போனேன். அப்பா உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "கடை சாத்தியாச்சும்மா, நாளைக்கு வாங்க" என்று கையை ஆட்டினார். நான் அப்பா, அப்பா என்று கத்தக் கத்த, பயந்துபோய் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மழையில் ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் கீழ்வீட்டுப் பிளம்பர் என் சத்தம் கேட்டு மேலே வந்து, வாசல் கதவைத் தட்டி, "அண்ணே, அவசரமா ஒரு கட்டிங்" என்றார். கதவு உடனே திறந்தது. பிளம்பர் முழு வழுக்கை. கத்தரிக்கோலை நான் எப்போதோ ஒளித்துவிட்டேன், அதனால் அவருக்குத் துண்டைப் போர்த்தி, வெறும் சீப்பால் கால் மணி நேரம் வாரிவிட்டு, பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார் அப்பா. "பிரமாதம் அண்ணே" என்றார் அந்த மனிதர். அப்புறம்தான் அவரால் எழுந்து வந்து எனக்குத் தாழ்ப்பாளைத் திறக்க முடிந்தது. நனைந்தபடி நின்று சிரித்தேன், அழவும் அழுதேன்.

குளிக்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிடுகிற அப்பாவைத் தூக்கித் தூக்கிக் குளிப்பாட்டியதில் எனக்குக் குடலிறக்கம் என்று உனக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் உன் "வரேன்க்கா"வை நம்பி ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி, நீ வராததால் தள்ளிப்போட்டேன். "பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துக்க மாட்டாங்களா" என்று பிறகு கேட்டாய். அவர்களா அவருக்குப் பிள்ளை? மூன்றாவது தேதி இந்தப் பதினேழு. ஆமாம், நீ மேடையேறுகிற அதே நாள். இனியும் தள்ளினால் உயிரோடு விளையாடுகிறீர்கள் என்று டாக்டர் என்னைத் திட்டி அனுப்பினார். அதற்குப் பிறகு ஆறு வாரம் நான் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது.

போட்டோ தர மாட்டேன். உன் கூட்டத்தில் நாலு பேர் உச்சுக் கொட்டுவதற்காக அவர் நாற்பது வருஷம் நின்று உழைக்கவில்லை. பத்தி மட்டும் தருகிறேன், வேறு யாரையாவது விட்டு வாசிக்கச் சொல். "பத்து நிமிஷம் போனில் பேசுகிறவர்களுக்கு இந்த நோய் கண்ணில் படாது. கூட இருக்கிறவர் சொன்னால் நம்புங்கள். அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். கிளம்பிப் போய் ஒரு மாதம் கூட இருங்கள்." இரண்டு கேட்டாய், ஒன்றுதான் வந்தது. மனதைத் தொடாவிட்டால் போகட்டும்.

பதினைந்தாம் தேதிக்குள் வந்துவிடு. திட்டியதில் ஒரு சொல்லையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனாலும் நீ வர வேண்டும் தம்பி, எனக்கு வேறு யாரும் இல்லை.

வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, நான்தான், தெரியலையா" என்று மட்டும் கேட்டுவிடாதே. பயந்துபோவார். முடி வெட்டிக்கொள்ள வந்தவன் மாதிரி வந்து நாற்காலியில் உட்கார். துண்டைப் போர்த்திவிட்டு, ரொம்ப நாளாச்சே பார்த்து என்பார். நாலு வருஷம் ஆச்சு என்று அவருக்கு உண்மையைச் சொல். மயக்க ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்னால், அதை நீ சொல்ல நான் ஒரு தடவை கேட்க வேண்டும்.

பத்திரமாக வா. அதுவரை முடி வெட்டாதே.

அக்கா