குளிரறைக் கதவைச் சாத்தாதவர்

மார்ச் 4
வழக்கு மறுபடியும் தள்ளிப்போனது. பல்கலைக்கழகம் பிரமாணப் பத்திரமே தாக்கல் செய்துவிட்டது: அந்த மாதம் முழுக்க ஆய்வகக் கேமரா பழுதாம், பதிவே இல்லையாம். குளிரறைக் கதவைத் திறந்துபோட்டு விதை மாதிரிகளை அழுகவிட்டேன் என்று என்னை வேலையை விட்டுத் தூக்கிய அதே மாதம். நான் சாத்திவிட்டுத்தான் போனேன். எனக்குப் பிறகு உள்ளே போனவர் துறைத்தலைவர். அதைச் சொல்ல அந்தக் கேமராவைத் தவிர எனக்கு நாதியில்லை.

மார்ச் 9
ஒருவேளை நான்தான் சாத்தவில்லையோ? சீ, என்ன புத்தி இது.

மார்ச் 17
மகளுக்குக் கல்லூரி தேடும் அக்கா போனில் கத்தினாள். "உன் பழைய இடத்து விளம்பர வீடியோ பாத்தியாடி? உங்க தலைவர் யாரையோ குளிரறைக்குள்ள கூட்டிட்டுப் போறாரு. ஓரத்துல தேதி வேற ஓடுது!"

பார்த்தேன். அதே கேமரா, அதே நாள், நான் கிளம்பிய பிறகு. மேலே கொட்டை எழுத்தில் "எங்கள் ஆய்வகம் உறங்குவதில்லை". அடப்பாவிகளா! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் அழுதேன்.

மார்ச் 18
வக்கீலம்மா சிரிக்கவே இல்லை. "முதல்ல பிரதி எடுத்து வைங்க. வாசனை பட்டா தூக்கிடுவாங்க."

ஏப்ரல் 22
நீதிபதி வீடியோவை ஓடவிட்டார். "கேமரா ரிப்பேர்னு சத்தியம் பண்ணீங்களே, இது யாரு எடுத்தது?"

அவர்கள் வக்கீல் விளம்பரப் பிரிவின் மேல் பழியைப் போட்டார். முழுப் பதிவும் வேண்டும் என்றார் நீதிபதி. போன மாதம்தான் அழித்தார்களாம்! வழக்கு நடக்கும்போதே!

மே 6
இறுதித் தீர்ப்பல்ல, பல்கலைக்கழகத்தின் மேல் தண்டனை உத்தரவு. ஆனால் எனக்கு அதுவே போதும். பதிவை மறைத்து அழித்ததால், கதவைத் திறந்துபோட்டது நான் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதை மறுத்து அவர்கள் இனி வாயே திறக்கக் கூடாது. என் வழக்குச் செலவும் அவர்கள் தலையில். வக்கீலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ சிரிக்கலாம்" என்றார். வாசல்வரை இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தோம். ஜெயித்தேன். ஜெயித்தேன்!

மே 20
சமாதானத்துக்கு வந்துவிட்டார்கள். வேலையும் வேண்டும், எல்லோருக்கும் தெரியும்படி மன்னிப்பும் வேண்டும் என்றேன். இரண்டுக்கும் தலையாட்டினார்கள்.

ஜூன் 3
வேலையில் முதல் நாள். தலைவர் குளிரறையிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். நாலடி நடந்தவர் திரும்பிப் போய், கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.